பேர்கனில் தொங்கிய திறப்பு

1

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, முற்பகல் ஒன்பது மணி பத்து நிமிடம். பிரதேச செயலகத்தின் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே நின்றதால் இதை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிகிறது. வெளியே சோளகக் காற்று புழுதியை அள்ளி வந்து யன்னலில் அறைந்துகொண்டிருந்தது. மேசைகளில் ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு கல் இருந்தது. பதினான்கு வருடங்களாக நான் வாழும் நோர்வேயின் பேர்கன் நகரில் காகிதங்கள் நனையும், பறப்பதில்லை. ஆகவே அந்தக் கற்களைக் கண்டதே எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சியாக இருந்தது.

என்னை அங்கே அழைத்துச் சென்றவள் தர்சினி மச்சாள். அம்மாவின் மூத்த சகோதரருடைய மகள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். உடுப்பிட்டியில் தன் வீட்டு மாமரத்தின் கீழ் பெண்களின் ஸ்கூட்டர்களைத் திருத்துகிறாள். அதை வீதியோரத்தில் முறையானதொரு கராச்சாகப் பதிவுசெய்ய மூன்று வருடங்களாக முயன்றுகொண்டிருந்தாள். நானோ, ஊரில் ஒரு பெண் சிறுதொழில் தொடங்கும்போது எங்கெங்கே தடுக்கப்படுகிறாள் என்று எழுதும் எண்ணத்தில், குறிப்பேட்டுடன் போயிருந்தேன். முதற்பக்கத்தில் ‘தடைகள்’ என்று தலைப்பிட்டு, அடியில் கோடும் இழுத்திருந்தேன்.

பதிவுப் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். கோப்பைத் திறக்காமலே மச்சாளை அடையாளம் கண்டுகொண்டார்.

“தர்சினி, நாலாந்தரம் வாறீர் என்ன? அயலாற்றை கடிதம் இருக்கு, கிராம விதானையாற்றை ஒப்பம் இருக்கு. காணிச் சொந்தக்காரற்றை சம்மதக் கடிதம்தான் இல்லை. அது இல்லாமல் நான் ஒண்டும் செய்யேலாது எண்டு சொன்னனான் எல்லோ?”

“ஓம் மிஸ். அவை வெளிநாடு.”

“வெளிநாடெண்டால் சந்திரனிலையோ? ஒரு கடிதம் எழுத ஏலாதோ அவைக்கு?”

இது நல்ல வாக்கியம் என்று எனக்குப் பட்டது. அப்படியே எழுதிக்கொண்டேன். பக்கத்தில், ‘காணி உரிமையாளரின் அக்கறையின்மை’ என்றும் சேர்த்தேன்.

“இப்ப வந்து நிக்கினம் மிஸ்,” என்றாள் மச்சாள்.

“ஆர்?”

“உதிலை நிண்டு எழுதிக்கொண்டிருக்கிறாவே, உவதான்.”

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். கோப்பைத் திறந்து காணி உறுதியின் பிரதியை எடுத்தார். என் பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒரு வகுப்பாசிரியையின் குரலில் வாசித்தார்.

“நீரோ?”

“ஓம்,” என்றேன்.

நோர்வேயில் ஆமோதிப்பை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்லும் வழக்கம் உண்டு. அது என் தமிழுக்குள்ளும் நுழைந்துவிட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

“என்ன பிள்ளை, மூச்சிழுக்கிற தொய்வு வருத்தமோ? உந்தக் கதிரையிலை இரும். தண்ணி குடியும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சாள் எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் உத்தியோகத்தர் விடயத்தை விளக்கினார். காணி என் பெயரில் இருந்தாலும் அம்மாவுக்கு அதில் சீவிய உருத்து உண்டு. அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய ஒப்புதலின்றி நான் அங்கே ஒரு தகரம்கூடப் போடக்கூடாது. அம்மாவும் என்னோடு ஊருக்கு வந்திருப்பதை மச்சாளிடம் கேட்டறிந்து உத்தியோகத்தர் சொன்னார்: “நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும். ரெண்டு பேரும் என்ரை முன்னாலை கையெழுத்து வைச்சால் காணும்.”

நான் எழுதிய குறிப்பை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை. அதில் பிழையொன்றும் இருக்கவில்லை. உரிமையாளர் யார் என்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2

வீடு திரும்பும்போது மச்சாளின் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து, காற்றுக்கு மேலாகக் கத்தினேன். கத்துவது என் இயல்பல்ல.

“ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“மாமியிட்டை மூண்டு தரம் கேட்டனான். பிள்ளை படிக்கிறாள், அவளைக் குழப்பாதை எண்டவ. நான் குழப்பினனானே? மிஸ்தான் குழப்பினவ.”

“அதுக்குத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?”

“தடையளைப் பாக்கவேணும் எண்டு நீர்தானே கேட்டனீர். வடிவான தடை ஒண்டைக் காட்டினன்.”

அந்தக் காணி மூன்று பரப்பு. பிரதான வீதியில், ஒரு பாடசாலைக்கு எதிரே. ஊரில் பெண்பிள்ளைக்கே காணி எழுதுவது வழக்கமாதலால், நாங்கள் நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன் அதை ஒன்பது வயதான என் பெயருக்கு எழுதினார்கள். பின்னர் சுற்றிவர மதில் எழுந்தது. இரும்புக் கேற் வந்தது. கேற்றுக்கு ஓர் ஆமைப்பூட்டு. பூட்டின் திறப்பு எங்களோடு விமானமேறி, பேர்கன் வீட்டின் நடையில், மழைச்சட்டைகள் தொங்கும் கொழுவியில் போய்த் தொங்கியது. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நடையிலும் இப்படியொரு பெரிய திறப்பு தொங்கக் கண்டிருக்கிறேன். அங்கே பிறந்த என் தம்பி அதை வீட்டு அலங்காரம் என்றே நினைத்திருந்தான். நானும் அதைப் பற்றி அவனைவிட அதிகம் யோசித்ததில்லை.

இங்கே அதே பதினான்கு வருடங்களில், தர்சினி மச்சாள் நெல்லியடியில் மோட்டார்ச் சைக்கிள் உதிரிப்பாகக் கடையொன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தாள். திருத்துநர்கள் என்ன கேட்டு வருகிறார்கள் என்று கவனித்தே பாதித் தொழிலைக் கற்றாள்; மீதியை ஆறு மாதப் பயிற்சியொன்றில் முடித்தாள். ஆண்கள் கூடிநிற்கும் கராச்சில் மணிக்கணக்காகக் காத்திருக்க விரும்பாத ஆசிரியைகளும் தாதியரும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஆனால் அவளுடைய வீடு ஒழுங்கையின் கடைசியில். மாரியில் அங்கே முழங்காலளவு வெள்ளம். பதிவு இல்லாததால் உதிரிப்பாக முகவர்கள் நேரடியாகப் பொருள் தர மறுத்தார்கள். வங்கியோ இரண்டு அரச உத்தியோகத்தரைப் பிணைக்குக் கேட்டது. கராச் வரவிருக்கும் இடத்தின் அயலவர் நால்வரிடம் கடிதம் வாங்கவேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர், சத்தம் வரும் என்று கையெழுத்திட மறுத்தவர், தன் மோட்டார்ச் சைக்கிளின் ஹோர்னை மச்சாள் திருத்திக் கொடுத்த பின்னரே இணங்கினார்.

“இப்ப விடிய அஞ்சரைக்கு அந்த ஹோர்ன் அடிக்குது. சத்தம் எண்டு அவர் இனி வாய் திறக்கேலாது,” என்றாள்.

இவ்வளவையும் தாண்டியவளுக்குக் கடைசியில் எஞ்சியிருந்தது என் பெயர். தவணையும் இருந்தது. பெண்களின் தொழில்களுக்கான உதவித் திட்டமொன்றில் அவளுக்குக் காற்றடிக்கும் கொம்பிறசரொன்றும் கருவிப் பெட்டியும் ஒதுக்கப்பட்டிருந்தன. மாத முடிவுக்குள் பதிவுச் சான்றிதழைக் காட்டாவிட்டால் அவை அடுத்தவருக்குப் போய்விடும். நாங்கள் நோர்வே திரும்ப இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

3

ஒப்பீடு எப்போதும் நீதியானதல்ல என்று இலக்கிய வகுப்பில் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். ஆயினும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கடந்த பெப்ரவரியில் பேர்கனில் நானும் ஒரு தொழிலைப் பதிவுசெய்தேன். முதியோருக்கான மருத்துவக் குறிப்புகளைத் தமிழில் பெயர்ப்பதற்காக, ஒருவர் மட்டுமே உள்ள ஒரு நிறுவனம். மழை பெய்யும் ஒரு பிற்பகலில், மடிகணினியின் முன் அமர்ந்து, கேட்ட கேள்விகளுக்கு விடையளித்தேன். முடிந்தபோது தேநீர் இன்னும் சூடாக இருந்தது. எவருடைய காணியும் தேவைப்படவில்லை. எவரையும் கெஞ்சவும் நேரவில்லை.

இதை வாசிப்பவர்கள் நோர்வேயை ஒரு சொர்க்கமாக எண்ணிவிடக் கூடாது. அங்கும் ஒரு தொழில் தொடங்காமலே நின்றுபோனது. அது அம்மாவின் தொழில்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்தார். ஒருமுறை அவர் பொரித்துக் கொண்டுபோன றோல்ஸை ஆசிரியர்கள் உண்டு, மறுபடி கேட்டார்கள்; பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகவும் கேட்டார்கள். அதையே விற்கலாம் என்று அம்மாவுக்கு நம்பிக்கை பிறந்தது. என்னை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனார். கருமபீடத்தில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு விளக்கினார்: உணவுச் சுகாதாரம் பற்றிய ஒரு வகுப்பை முடிக்கவேண்டும், எளிய மொழியில் ஒரு வகுப்பு சனவரியில் தொடங்குகிறது, சமையலறை இல்லையென்றால் மண்டபமொன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். எல்லாம் எனக்கு விளங்கியது.

அடுத்த கருமபீடத்தில் என் வகுப்புத் தோழியொருத்தி தன் தந்தையோடு நின்றாள். அந்த நேரம் பார்த்து அம்மா பையிலிருந்து ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்து, அந்தப் பெண்ணுக்கு றோல்ஸ் கொடுப்பதற்காக மூடியைத் திறக்கத் தொடங்கினார். பொரித்த வெங்காயத்தின் மணம் எழுந்தது. தோழி திரும்பிப் பார்த்தாள்.

“ஏலாதாம் அம்மா,” என்றேன். “வாங்கோ போவம்.”

அம்மா மூடியை அழுத்தி மூடினார். நாங்கள் வந்துவிட்டோம். அதன்பின் பதினொரு வருடங்கள் நான் அதைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை.

4

மாலைத் தேநீருக்கு அம்மா மச்சாளின் குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே மாமரத்தின் கீழ் மச்சாள் ஓர் ஆசிரியையின் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தாள். குசினியில் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். அது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

“அம்மா, தர்சினி மச்சாள் காணியை மூண்டு தரம் கேட்டவவாம்.”

அம்மா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேட்டவள்தான். நானும் மூண்டு தரம் பதில் சொன்னனான்.”

“என்னெண்டு?”

“அது உன்ரை சீதனக் காணி. கலியாணம் முடிஞ்சு நீயும் உன்ரை மனிசனும் எடுக்கிற முடிவு. அதுக்கு முதல் எஞ்சின் எண்ணெய் ஊத்தி ஊறவைச்சால் ஆர் கேப்பினம்?”

“காணியையோ, என்னையோ?”

“பகிடி விடாதை. ஒருக்கால் குடுத்தால் வந்திருந்தவையைப் பேந்து எழுப்பேலாது. உலகமறிஞ்ச விசயம்.”

யன்னலுக்கு வெளியேயிருந்து குரல் வந்தது: “மாமி, நான் இருக்கிறதுக்கே இடமில்லாமல் நிக்கிறன். எழும்புறதைப் பேந்து பாப்பம்.”

“நீ உன்ரை வேலையைப் பார்!” என்றார் அம்மா. ஆனால் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

நான் வாதாடிப் பழகியவள் அல்ல. இவ்விடத்தில் வழமைபோல எழுந்து போயிருப்பேன். மேசையில் ஓர் ஐஸ்கிறீம் பெட்டி இருந்தது. பொரித்த றோல்ஸை அடுக்குவதற்காக அம்மா கழுவி வைத்திருந்தார். அதன் மூடியைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“அம்மா, றோல்ஸ் விக்கிறதைப் பற்றிக் கேக்க நாங்கள் அந்த நகரசபைக் கந்தோருக்குப் போனது ஞாபகமிருக்கோ?”

“ஓம்.”

“அந்த மனிசி ஏலாதெண்டு சொல்லேல்லை.”

வகுப்பு, சனவரி மாதம், வாடகைச் சமையலறை, அடுத்த கருமபீடத்தில் நின்ற தோழி: எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே சொன்னேன். வெளியே ஸ்கூட்டர் திருத்தும் சத்தங்கள் நின்றுவிட்டன. அம்மா றோல்ஸை ஒவ்வொன்றாக எண்ணெயிலிருந்து எடுத்து வடியவிட்டார். ஒன்றுகூடக் கருகவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

“என்னெண்டு தெரியும்?”

“அந்த மனிசி சிரிச்சுக்கொண்டெல்லோ கதைச்சவ. விரலிலை மாசம் எண்ணிக் காட்டினவ. ஏலாதெண்டு சொல்லுறவை மாசம் எண்ணுவினமோ? எனக்கு அவையின்ரை பாசைதான் தெரியாது பிள்ளை. கண் தெரியும்.”

“பின்னை ஏன் பேசாமல் வந்தனீங்கள்?”

“நீ அழப்போற மாதிரி நிண்டனீ. உன்னை அந்த நிலையிலை வைச்சுக்கொண்டு நான் என்னத்தைக் கேக்கிறது?” அடுப்பைக் குறைத்தார். “நீயா ஒருநாள் சொல்லுவாய் எண்டு பாத்தன். கனகாலம் எடுத்திட்டாய்.”

எனக்குக் கண் நிறைந்தது. இருந்தாலும் சொல்லவேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது.

“அப்ப நான் மறிச்சனான் அம்மா. இப்ப என்ரை பேரிலை ஒரு காணி கிடந்து மறிக்குது. ரெண்டாந்தரமும் நானாய் இருக்க எனக்கு விருப்பமில்லை.”

அம்மா அடுப்பை அணைத்தார். பெட்டியில் ஒரு கடதாசியை விரித்தார். றோல்ஸை அடுக்கினார். பிறகு யன்னல் பக்கம் திரும்பினார்.

“எடி தர்சினி! கழிவெண்ணெயை எங்கை ஊத்தப்போறாய்? அங்கை கிணறு இருக்கெல்லே.”

“இரும்புப் பரலிலை ஊத்திச் சேர்க்கிறது மாமி. வந்து எடுக்கிற ஆக்கள் இருக்கினம். நிலத்துக்குச் சீமெந்து போடுவன்.”

“கூரை?”

“தகரம்.”

“வெக்கையிலை அவிஞ்சு போவாய். தகரத்துக்கு மேலை தென்னங்கிடுகு போடு. வாற பொம்பிளையளுக்கு இருக்க ஒரு வாங்கு வேணும். கழிப்பறை ஒண்டும் வேணும், சொல்லிப்போட்டன்.”

‘கூடாது’ என்பது ‘எப்படி’ என்று மாறிய நேரம் மூன்று மணி நாற்பது நிமிடம். குறிப்பேட்டில் அதையும் பதிந்தேன்.

“பெண் கேட்டு வாறவைக்கு என்ன சொல்லுறது?” என்று அம்மா கடைசியாக ஒருமுறை முனகினார்.

“பொம்பிளையின்ரை மச்சாள் கராச் வைச்சிருக்கிறா எண்டு சொல்லுங்கோ மாமி! மாப்பிளையின்ரை மோட்டச்சைக்கிள் சும்மா பாத்துக் குடுப்பன்.”

5

காணியைப் போய்ப் பார்ப்போம் என்று புறப்பட்டபோதுதான், இரண்டு பெரிய பயணப்பெட்டிகள் நிறையச் சொக்கிலேற்றும் சவர்க்காரமும் சுமந்து வந்த நாங்கள், அந்தத் திறப்பைக் கொண்டுவரவில்லை என்பது தெரிந்தது. அம்மா கைப்பையை மேசையில் கவிழ்த்துத் தேடினார். பேர்கன் பேருந்துகளின் பழைய சீட்டுகள்கூட இருந்தன, திறப்பு இல்லை.

பேர்கனில் அப்போது மதியம். அப்பா பேருந்து ஓட்டும் வேலையின் இடைவேளையில் வீட்டுக்கு வந்திருந்தார். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டு, நடைக்குப் போய், ஒரு படம் எடுத்து அனுப்பினார். நனைந்த மழைச்சட்டைக்கும் ஒரு குடைக்கும் நடுவே திறப்பு அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இனி இதை நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

“கழட்டி உள்ளை வையுங்கோ,” என்றார் அம்மா. “அதிலை உங்கடை தொப்பியைக் கொழுவுங்கோ. கண்ட இடமெல்லாம் வைச்சிட்டுத் தேடுறனீங்கள்.”

மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பதினாலு வரியமாய் ஏழு கடலுக்கு அங்காலை வைச்சுக் காணியைக் காத்திருக்கிறியள் மாமி. நல்ல காலம், கிணத்தைக் கொண்டுபோகேல்லை.”

6

மறுநாள் காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு மூவரும் கேற்றடியில் நின்றோம். மச்சாள் இரும்பறுக்கும் வாளைக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் அதை என்னிடம் நீட்டினாள்.

“சொந்தக்காரி அறுக்கவேணும். தர்சினி பூட்டு உடைச்சவள் எண்டு நாளைக்கு ஊர் கதைக்கக் கூடாது.”

என் வாழ்நாளில் நான் இரும்பு அறுத்ததில்லை. அவள் பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “அமத்தாதை, இழு. வாள் தன்ரை வேலையைச் செய்யும்,” என்றாள். அதுவரை என்னை ‘நீர்’ என்று விளித்தவள், அன்று காலை ‘நீ’ என்றாள். பூட்டு விழப் பதினொரு நிமிடம் எடுத்தது. கேற்றின் உட்புறம், எவரும் நடாத ஒரு வேம்பு வளர்ந்து நின்றது. அதனால் கேற் பாதிதான் திறந்தது; ஒரு ஸ்கூட்டர் உள்ளே போக அது போதும். அம்மா அந்த இடைவெளியால் நுழைந்து, வேம்பின் கீழ் நின்று சுற்றிவரப் பார்த்தார். “இதை வெட்டாதை தர்சினி,” என்றார். “வாங்கை இதிலை போடு.”

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு மீண்டும் அதே கடிகாரத்தின் எதிரே நின்றேன். உத்தியோகத்தர் படிவத்தை நீட்டினார். கொப்புளம் எழுந்திருந்த கையால் நான் ஒப்பமிட்டேன். அம்மா, பள்ளிப்பிள்ளையைப் போல ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினார்.

“இவ்வளவுதானோ?” என்று கேட்டார்.

“இவ்வளவுதான் அம்மா. இதுக்குத்தான் இந்தப் பிள்ளை மூண்டு வரியம் ஓடித் திரிஞ்சது.” உத்தியோகத்தர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். “தர்சினி, வெள்ளிக்கிழமை வந்து சான்றிதழை எடும்.”

மச்சாள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, முத்திரையை இரண்டு தரம் வாசித்தாள்.

அம்மா பையிலிருந்து ஐஸ்கிறீம் பெட்டியை வெளியே எடுத்தார். என் கழுத்து பழைய பழக்கத்தில் சூடாயிற்று. எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள்.

“இதென்ன, லஞ்சமோ?” என்றார் உத்தியோகத்தர்.

“முத்திரை குத்தினாப் பிறகு தாறது எப்பிடி லஞ்சமாகும்?” என்றார் அம்மா.

பெட்டியின் மூடி இறுகியிருந்தது. அம்மாவின் விரல்கள் அதன் விளிம்பில் வழுக்கின. நான் பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்தேன். முதலாவது றோல்ஸை உத்தியோகத்தருக்கும், இரண்டாவதை எனக்குப் பின்னால் நின்றவருக்கும் நீட்டினேன்.